மொட்டை மாடி கற்றுத் தந்த பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், 2009-ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்ற இயந்திரவியல் துறை மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது உபயோகமா பேசுப்பா, சுயபுராணம் வேண்டாம்" என்றார். நான் வேலை பார்ப்பது வெப்பப் பரிமாற்றக் கருவிகளை வடிவமைக்கும் பிரிவில். அதைப் பற்றிப் பேசினால் முன் வரிசையில் இருக்கும் குழந்தைகள் தூங்கிவிடும். அதனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியைப் பற்றிப் பேசுகிறேன். கொஞ்சம் சுயபுராணம் வரத்தான் செய்யும். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. 1986-இல் அப்பா கட்டியது. பி.எஃப். கடன், அம்மாவின் வளையல், கூட்டுறவு சங்கக் கடன் எல்லாம் சேர்ந்து எழும்பிய ஒரே தள வீடு. 5 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டதும் கையிருப்பு தீர்ந்துபோனது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கிற வேலையை, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று விட்டு, சிமெண்ட் மட்டும் பூசிவிட்டார்கள். அந்த 'அடுத்த வருஷம்' வரவே இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய வீட்டிலும் இதே கதைதான் இருக்கும்.

2019 மே மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு பெங்களூரில் இருந்த எனக்கு அம்மாவிடமிருந்து போன். "அப்பா பாத்ரூம் போகும்போது மயங்கி விழுந்துட்டார்டா." விடியும்போது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உடம்பில் நீரும் உப்பும் குறைந்திருக்கிறது என்றார்கள். அப்பாவுக்கு அப்போது 66 வயது. ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்ட மருந்தில் நீர் பிரிக்கும் மாத்திரையும் ஒன்று. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறையும் என்று டாக்டர் விளக்கினார். பிறகு கேட்ட ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: "ராத்திரி எங்க படுக்கிறார்? மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற ரூமா?"

எங்கள் வீட்டில் எல்லா ரூமுமே மொட்டை மாடிக்குக் கீழேதான்.

"பெங்களூர் வந்துடுங்கப்பா" என்றேன். "இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்" என்றார். "அப்போ ஏ.சி. போடுறேன்." "ஏ.சி. காத்து மூட்டுக்கு ஆகாதுடா." மூட்டு சும்மா சாக்கு. கரண்ட் பில்லுக்குத்தான் பயம் என்பது எனக்குத் தெரியும்.

சரி, அவர் வரமாட்டார், வீட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். மெக்கானிக்கல் படித்தவன், ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன், டேட்டா புக்கைத் தலையணையாக வைத்துத் தூங்கியவன். மூன்று நாள் லீவுதான் இருந்தது. ஒரு அங்குலத் தெர்மோகோல் ஷீட்டுகளை வாங்கி வந்து, படுக்கையறைச் சீலிங்கில் நானே ஒட்ட ஆரம்பித்தேன்.

முதல் நாள் வாங்கிய பசை தெர்மோகோலைத் தின்றுவிட்டது. ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும் என்பதை என் அம்மா முன்னால் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். "இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியா கண்ணா?" என்றார். இரண்டாம் நாள் வேறு பசை. ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரியே அறை குறைவாகக் காய்ந்தது. அப்பா நன்றாகத் தூங்கினார். நான் பெருமையாகப் பெங்களூர் திரும்பினேன்.

தம்பி தங்கைகளே, ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தெர்மோகோல் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே வேலை செய்தது. அதனால்தான் ஆபத்து வந்தது.

2019 டிசம்பர் முதல் வாரம். நல்ல மழை. ஒரு நாள் காலை பத்து மணி சுமாருக்குப் படுக்கையறையில் பெரிய சத்தம். அம்மா ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டில்மேல் தெர்மோகோலோடு சேர்த்துச் சீலிங்கிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு. அம்மியைவிடக் கொஞ்சம் சின்னது. விழுந்த இடம் தலையணை. அப்பா அப்போது வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பேப்பர், ஒரு காபி.

என்ன நடந்தது? தளத்தில் விரிசல் இருந்தது. அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும். அது வீங்கி, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டே வந்தது. வழக்கமாக இது வருவதற்கு முன்னால் வீடு நமக்குச் சொல்லும். முதலில் ஈரத் திட்டு தெரியும், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் முடி போல விரிசல், அப்புறம் உப்பல். எங்கள் வீடும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் அதன் வாயில் தெர்மோகோலை ஒட்டி வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. டேட்டா புக்கில் தெர்மோகோலின் வெப்பக் கடத்துத்திறன் இருந்தது. மூடுவதற்கு முன் மேலே ஏறிப் பார் என்பது அதில் இல்லை. அதை எனக்குச் சொன்னவர் மேஸ்திரி.

நம் கல்லூரியில் சிவில் படித்த நண்பன் ஒருவன் வந்து சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பார்த்தான். உள்ளே பிரிந்திருந்த இடங்களில் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்டது. சாக்பீஸால் வட்டம் போட்டான். வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தான். அவர் தெர்மோகோலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, தலைவலிக்குத் தைலம் தேய்க்கலாம். தலையில ஓட்டை இருந்தா தேய்க்கலாமா?"

அந்தப் பழுதுபார்ப்பு வேலையை நான் தொடவில்லை. தொடவும் கூடாது. உதிர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியில் துருவைத் தேய்த்து, பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைப்பது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. முட்டுக் கொடுக்காமல் கொத்தினால் உயிருக்கே ஆபத்து. 'நாமே செய்வோம்' என்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது, எதைத் தான் செய்யக் கூடாது என்பது.

மேலே நானும் மேஸ்திரியும் சேர்ந்து செய்தோம். மாடியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பார்த்தோம். விரிசல்களை அகட்டி அடைத்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைகளை வளைவாகப் பூசினோம். மழைநீர்க் குழாயின் வாயில் இருந்த அரச மரக் கன்றைப் பிடுங்கினோம். சிமெண்டில் கலந்து பூசும் நீர்த்தடுப்பு இரண்டு கோட் கொடுத்தோம். பிறகு குழாய் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து கீழே பார்த்தோம். சீலிங் காய்ந்திருந்தது. இது 2020 பிப்ரவரியில்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் திருச்சி வந்தேன். அந்தக் கோடையில் அப்பாவின் படுக்கையறையில் நான் படுத்தேன். அவர்களைக் கூடத்தில் படுக்க வைத்தேன். அப்போதுதான் அந்த அறை என்ன என்று எனக்குப் புரிந்தது. அதுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் நான். மே மாதம் எனக்குத் தெரியாது.

தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தது. மே மாதம் மதியம் 2 மணிக்கு மாடித் தரை 60 டிகிரி செல்சியஸ். சாயங்காலம் 6 மணிக்குச் சீலிங் 41. ராத்திரி 11 மணிக்கும் 37. வெயில் மதியம் உச்சம். ஆனால் 5 அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து அந்தச் சூடு கீழே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நாம் படுக்கப் போகிற நேரத்தில் சீலிங் நம் தோலைவிடச் சூடாக இருந்து நம்மீது கதிர்வீசிக்கொண்டிருக்கும். ஃபேன் போட்டால் மேலே இருக்கிற சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளும். அப்பா ஏன் மயங்கினார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பெருமக்களே, இப்போது ஒரே ஒரு கணக்கு. மாணவர்கள் போட்டுப் பாருங்கள். வெறும் கான்கிரீட் தளத்தின் வெப்பக் கடத்தல் கெழு, இரண்டு பக்கக் காற்றுப் படலத்தையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 3.4 வாட். 12-க்கு 10 அடி அறை என்றால் 11 சதுர மீட்டர். மாடி 60 டிகிரி, அறை 35 டிகிரி, வித்தியாசம் 25. மூன்றையும் பெருக்கினால் 935 வாட். கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் ஹீட்டரைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு அதன் கீழே அப்பாவும் அம்மாவும் படுத்திருந்தார்கள். 1 டன் ஏ.சி. வெளியேற்றுவது 3.5 கிலோவாட் வெப்பம். அதில் கால் பங்குக்கு மேல் கூரைக்கே போய்விடும். இப்படிப்பட்ட அறையில் ஏ.சி. மாட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

அப்போது மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்தது: "சூட்டை வாசல்லயே நிறுத்தணும் தம்பி. வீட்டுக்குள்ள விட்டுட்டு அப்புறம் தள்ளக் கூடாது." அவர் பேசியது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றி. தேக்கு உத்திரம், மேலே குறுக்காகச் செருகிய சின்னச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டியது, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. அந்தக் கனத்தை இன்று எங்கள் தளத்தின்மேல் ஏற்ற முடியாது. 3 அங்குலச் செங்கல் ஜல்லி போட்டாலே சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். பழுதுபார்த்த பழைய தளத்துக்கு அது வேண்டாம் என்று என் நண்பன் சொல்லிவிட்டான். கனம் ஏற்றாமல் வாசலில் நிறுத்த ஒரே வழி, வெள்ளை.

மே கடைசியில் ஹார்டுவேர் கடை திறந்ததும் சுண்ணாம்பு வாங்கினேன். 10 கிலோ சுண்ணாம்புக்கு 2 கிலோ வெள்ளை சிமெண்ட், அரை கிலோ ஃபெவிகால். மோர் பதத்துக்குக் கரைத்து, வடிகட்டி, மூன்று மெல்லிய கோட். காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம். உச்சி வெயிலில் அடித்தால் சட்டென்று காய்ந்து பொடியாக உதிரும். காய்ந்த பிறகு லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் செருப்பும் கட்டாயம். நான் வெறுங்காலோடு அடித்துக் குதிகாலைப் புண்ணாக்கிக்கொண்டேன். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த மூலையை விட்டுட்ட பாரு" என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டுமல்லவா!

ஒரு வாரம் கழித்து, அதே மாதிரி வெயில் அடித்த நாளில், அதே 2 மணிக்கு அளந்தேன். மாடித் தரை 45. முன்பு வித்தியாசம் 25 டிகிரி, இப்போது 10. 935 வாட் 374 ஆகிவிட்டது. இதற்கு ஆன செலவு ஏ.சி.க்கு ஸ்டாண்டு மாட்டுகிற கூலிகூட இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. 33 அடி நீளத் தளம் சராசரியாக 20 டிகிரி சூடேறி ஆறினால் தினமும் சுமார் 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். முப்பது வருஷம் இப்படி இழுபட்டால் விரிசல் விடாமல் என்ன செய்யும்? வெளியே வெள்ளை அடித்தால் தளத்துக்கே சூடு குறைகிறது. உள்ளே மட்டும் தெர்மோகோல் ஒட்டினால் அறைக்குச் சுகம், தளத்துக்குச் சிரமம். நான் 2019-இல் செய்தது அதைத்தான்.

சுண்ணாம்பைப் பற்றி இரண்டு விஷயம். அது நீர்த்தடுப்பு அல்ல. ஒழுகும் மாடிக்கு அது மருந்தாகாது. தூசி படிந்தால் பலன் குறையும். வருஷா வருஷம் பங்குனியில் கழுவி, தேவைப்பட்டால் ஒரு கோட் கொடுக்க வேண்டும். பக்கத்து மாடி வீட்டு மாமி, "கண்ணு கூசுதுப்பா" என்று ஒரு மாதம் திட்டினார். அடுத்த வருஷம் என்னிடமே கலவை அளவு கேட்டார்.

உள்ளே இன்சுலேஷன் போட உடனே கை துறுதுறுத்தது. போடவில்லை. ஒரு முழு மழைக்காலம் காத்திருந்தேன். 2020 ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தினம் காலையில் டார்ச் அடித்துச் சீலிங்கைப் பார்ப்பது அப்பாவின் வேலை. காலண்டரில் குறித்து வைத்தார். 'காய்ந்தது, காய்ந்தது, காய்ந்தது' என்று அறுபது நாளுக்கு அவர் கையெழுத்து. அந்தக் காலண்டரை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

2021 பிப்ரவரியில், ஆசாரி ஒருவர் இரும்புச் சட்டம் கட்டி ஜிப்சம் போர்டு மாட்டினார். அதன் மேலே 2 அங்குல ராக்வூலை நான் பரப்பினேன். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இரண்டு நாள் அரிக்கும். தெர்மோகோலுக்குப் பதில் அதை ஏன் போட்டேன்? தெர்மோகோல் தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். மின்கம்பியின் பி.வி.சி. உறை தெர்மோகோலைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் உறை கெட்டுப்போகும். 1986-ஆம் வருஷத்து வயரிங்குக்குப் பக்கத்தில் அதை வைத்தது என் இரண்டாவது முட்டாள்தனம். ராக்வூல் எரியாது. அதற்கு முன்னால் பழைய வயரை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றினோம்.

ராக்வூலோடு சேர்த்துக் கெழு 3.4-லிருந்து சுமார் 0.65-க்கு வந்தது. புது வீடுகளுக்காக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள் கூரைக்குச் சொல்லும் உச்சவரம்பு 1.2. எங்கள் பழைய வீடு அதற்கும் கீழே வந்துவிட்டது. 11 சதுர மீட்டர், 0.65, 10 டிகிரி, பெருக்குங்கள். 72 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். 935 எங்கே, 72 எங்கே!

ஆனால் எனக்குப் பெருமை அந்த எண்ணில் இல்லை. அந்தப் புதுச் சீலிங்கில் நாலு இடத்தில், ஒன்றரை அடிச் சதுரத்தில், திறந்து மூடும் கதவு வைக்கச் சொன்னேன். "எதுக்கு சார், அழகு போயிடும்" என்றார் ஆசாரி. வையுங்கள் என்றேன். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை, தெருவில் இருக்கிற எலக்ட்ரீஷியன் தம்பி ஏணி போட்டு, கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து அப்பாவிடம் சொல்வான். அப்பா காலண்டரில் எழுதுவார்.

இன்சுலேஷன் வீட்டைக் குளிர வைக்காது. வெளிக்காற்றே 40 டிகிரியாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் அந்தச் சூடு உள்ளே வரத்தான் செய்யும். பகலில் மூடி, ராத்திரி காற்று ஆறிய பிறகு திறக்க வேண்டும். 2023-இல் ஒரு சின்ன ஏ.சி.யும் வாங்கினோம். அப்பாவே படுக்கப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் போட்டு அணைத்துவிடுகிறார். அறை அதற்கு மேல் தாங்குகிறது. மூட்டு வலியைப் பற்றி அவர் பேசுவதில்லை. பில்லைப் பற்றியும் பேசுவதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை வெளியூர், வெளிநாடு போவீர்கள். வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் பணம் அனுப்புவீர்கள், பொருள் வாங்கி மாட்டுவீர்கள். அது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், ஒரு மே மாதத்தில் லீவு போட்டு வந்து, உங்கள் அப்பா அம்மா படுக்கிற அறையில் ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். மாடி ஏறிப் பாருங்கள். தண்ணீரை முதலில் நிறுத்துங்கள், அப்புறம் வெயிலை நிறுத்துங்கள், கடைசியாக மூடுங்கள். மூடினாலும் திறந்து பார்க்க ஒரு கதவு வையுங்கள்.

நாலு வருஷம் இந்தக் கல்லூரி எனக்குக் கணக்குப் போடக் கற்றுத் தந்தது. எதைக் கணக்குப் போட வேண்டும் என்பதை ஒரு மேஸ்திரியும் ஒரு கான்கிரீட் துண்டும் கற்றுத் தந்தார்கள். இரண்டுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

 சுண்ணாம்புக் கலவை அளவு வேண்டுபவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம்.